நான் ஏற்றிய ஐந்து தூண்டில்கள்

அன்புள்ள சாமு,

போன சனிக்கிழமை நீ ஃபோனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் வைத்துவிட்டேன். "புது கயாக் வந்துடுச்சி நைனா. நாளைக்கு எஸ்தரும் கூட வரா. எத்தினி தூண்டில் ராடு எடுத்துக்கினு போலாம், நீயே சொல்லு" என்று கேட்டுவிட்டு நீ சிரித்தாய். கேலிக்குக் கேட்டாயா, எல்லாம் ஆறிப்போய்விட்டது என்று எனக்குக் காட்டுவதற்காகக் கேட்டாயா, எனக்குப் புரியவில்லை. "சிக்னல் சரியில்லப்பா, அப்புறம் பேசறேன்" என்றேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நீ மூச்சு விட்டதுகூட எனக்குக் கேட்டது. வைத்துவிட்டு வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து உன் அம்மா, "யாரு, அவனா? மறுபடியும் கயாக் வாங்கிட்டானா? பட்டும் புத்தி வரல பாரு" என்றாள். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று வருடங்களாக இப்படித்தான் திறக்காமல் இருக்கிறேன்.

இது உனக்கு எழுதும் கடிதம்தான். ஆனால் இதை நான் உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. அம்மா படிக்கட்டும், உன் சித்தி படிக்கட்டும், சபையில் யாருக்காவது படிக்க வேண்டும் என்றால் அவர்களும் படிக்கட்டும். பொய்யைப் பத்துப் பேர் எதிரில் சொல்லிவிட்டு உண்மையை உன் காதோடு சொன்னால் அது நியாயமில்லை. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பத்தாவதோடு நின்றவன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொண்டு படி.

என் வேலை உனக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டி உருக்கு ஆலையில் முப்பத்தொரு வருடம் கிரேனுக்குச் சுமை கட்டினேன். இரும்பு வடத்தை எங்கே சுற்றுவது, கொக்கியை எங்கே மாட்டுவது, எத்தனை முடிச்சு போடுவது என்பதுதான் என் படிப்பு. நான் கட்டிய சுமை ஒன்றுகூட நழுவியதில்லை. வேலையில் சேர்ந்த நாளில் மேஸ்திரி சொல்லிக்கொடுத்தது, ஒரு வடம் போதும் என்று கணக்கு சொன்னாலும் இரண்டாவது வடம் கையில் இருக்க வேண்டும் என்பது. அது எனக்கு உடனே பிடித்துப்போனது. காரணம் அதற்கும் முன்னாலேயே இருந்தது. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது என் அப்பாவின் மண்வெட்டிக் காம்பு, பொன்னேரிப் பக்கம் ஒரு நிலத்தில் வரப்பு வெட்டிக்கொண்டிருக்கும்போது முறிந்தது. இருந்தது அந்த ஒன்றுதான். நிலக்காரர், "சாமான் இல்லாதவனுக்கு இங்க இன்னா வேல" என்று சொல்லி வரப்பை விட்டு ஏறச் சொன்னார். முறிந்த காம்பைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா நடந்து வந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கு எனக்குள் ஒரு பயம் உட்கார்ந்தது. எதையும் ஒன்றாக வைத்திருந்தால் அது முறியும் என்ற பயம். நம் வீட்டில் இரண்டு அடுப்பு, இரண்டு டார்ச், பூட்டுக்கு மூன்று சாவி, குடைகள் எத்தனை என்று எனக்கே தெரியாது. நீயும் அம்மாவும் சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன். அது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக மட்டும் இருந்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது.

பன்னிரண்டாவது முடித்ததும் நீ மீன்வளப் படிப்புக்கு மட்டும்தான் விண்ணப்பம் போடுவேன் என்றாய். ஒன்று போதும் என்றாய். நான் விடவில்லை. பாலிடெக்னிக், ஐடிஐ, நர்சிங் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் உன்னைக் கையெழுத்துப் போட வைத்தேன். முதலில் பாலிடெக்னிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். "கையில் வந்ததை விடாதே" என்று கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டேன். வாசலில் நீ, "செரி நைனா. உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னாய். நீ கேட்ட மீன்வளப் படிப்புக்கு இடம் கிடைத்ததாகப் பதினெட்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. அதை நீ படித்துவிட்டு மடித்துப் பாடப் புத்தகத்துக்குள் வைத்தாய். அப்போதே நான் உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நீ வெல்டிங்கில் கெட்டிக்காரனாக வந்த பிறகு, நான் செய்ததுதான் சரி என்று ஆலையில் எல்லோரிடமும் பெருமையடித்தேன்.

பிறகு நீ உன் சம்பாத்தியத்தில் அந்த மஞ்சள் கயாக்கை வாங்கினாய். ஏற்கனவே ஒருவர் உபயோகித்தது, இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்பு போடக்கூடியது. உன் கூட்டாளியின் குட்டி யானை வண்டியில் அது வந்து தெருவில் இறங்கியபோது, ஏதோ பெரிய பொம்மை என்று பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அம்மா, "படகா இது? பிளாஸ்டிக் தொட்டி மாதிரி இருக்குது" என்றாள். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் நீ பழவேற்காடு போக ஆரம்பித்தாய். பத்தரைக்குள் திரும்பி வந்து கோயில் ஆராதனைக்கும் போய்விடுவாய், அதனால் அம்மா அதிகம் பேசவில்லை. எட்டு மாதம் அப்படிப் போனாய். ஒரு நாள்கூட உனக்கு ஒரு கீறல் பட்டதில்லை. இதை நான் இங்கே எழுதியே ஆக வேண்டும். ஒழுங்காகப் போய் ஒழுங்காக வந்துகொண்டிருந்தாய். அப்புறம்தான் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாய். சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர் வேலைக்கு நீ தேர்வாகி, வெல்டிங் செய்து காட்டும் கைத்தேர்வு மட்டும் மூன்று வாரத்தில் பாக்கி இருந்தது. "போறதுக்குள்ள ஒரு வாட்டி நீயும் வா நைனா" என்றாய். அதுவரை நீ என்னை எங்கும் கூப்பிட்டதில்லை. எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உன்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக மறுநாளே பாரிமுனைக்குப் போய் இரண்டு புதுத் தூண்டில்கள் வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நீ சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாய். உன்னிடம் மூன்று ராடு இருந்தது, அதில் இரண்டை மட்டும் எடுத்து வெளியே வைத்தாய். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நான் என் இரண்டையும், மூலையில் இருந்த உன் பழையதையும் கொண்டுவந்து பக்கத்தில் சாய்த்தேன். நீ நிமிர்ந்து பார்த்தாய்.

"இன்னா நைனா இது?"

"இருக்கட்டும்டா. எல்லாத்தையும் எடுத்துக்கினு போலாம்."

"கயாக்ல ராடு செருக ரெண்டு ஓட்டதான் இருக்குது. மத்தத எங்க வெப்ப?"

"என் காலாண்ட போட்டுக்கறேன்."

நீ பொறுமையாகத்தான் சொன்னாய். இன்றைக்கும் ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ரெண்டுன்னா ரெண்டு தூண்டில் நரம்பு, ரெண்டு தூண்டில் முள்ளு. எது எங்க இருக்குதுன்னு கண்ண மூடிக்கினு சொல்லுவேன். அதுக்கு மேல போச்சின்னா ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும் நைனா. அதுவுமில்லாம, கயாக் கவுந்தா திரும்ப ஏறணும். கை வெக்கற எடத்துலல்லாம் முள்ளு இருந்தா எப்படி ஏறுவ?"

"கவுறறதுக்கா போறோம்? வாய வெக்காத. ஒண்ணு ஒடஞ்சா இன்னா பண்ணுவ?"

"ஒடஞ்சா ஊட்டுக்கு வந்துடலாம்."

"திரும்பி வரதுக்கா அம்மாந்தூரம் போறது?" என்று நான் கத்தினேன். "முப்பது வருசமா சுமை கட்றவன் சொல்றேன். ஸ்பேர் இல்லாம வேலைக்குப் போறவன் வேலக்காரனே இல்ல."

"செரி நைனா. உன் இஷ்டம்" என்றாய். பாலிடெக்னிக் வாசலில் சொன்ன அதே குரல். ஜெயித்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன்.

காலையில் பழவேற்காட்டில் ஏரிக்கரையில் கயாக்கை இறக்கினோம். காற்று இல்லை. தண்ணீர் இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடந்தது. நீ பின்னால், நான் முன்னால். உன் இரண்டு ராடும் பின்னால் ஓட்டைகளில் நின்றன. மற்ற மூன்றையும் என் கால்களுக்கு இரண்டு பக்கமும் நீட்டி வைத்தேன். புதியவை தண்ணீரில் போய்விடக் கூடாது என்று வீசுவதற்கு நீளம் விட்டு, நைலான் கயிறு போட்டுக் கயாக்கின் கைப்பிடியோடு மூன்றையும் கட்டினேன். ஆலையில் போடுகிற முடிச்சு. கயிற்று நுனியை நறுக்க உன் லைஃப் ஜாக்கெட்டில் தொங்கிய கத்தரியைக் கேட்டேன். நீ கொக்கியிலிருந்து கழற்றிக் கொடுத்தாய். நறுக்கிவிட்டு அதை முள் டப்பாவுக்குள் போட்டு மூடினேன். "கத்தரியக் குடு நைனா" என்று கேட்டாய். "டப்பாலதான் கீது, எங்க ஓடிடப் போவுது" என்றேன். போகப் போக ராடுகளின் அடிக்கட்டை என் வயிற்றில் இடித்தது. அதற்காக லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளைக் கழற்றிவிட்டேன். உனக்கு என் முதுகுதான் தெரியும். அதனால் அது உனக்குத் தெரியாது.

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் கடலுக்கு வடிகிற நேரத்தில்தான் கொடுவா மீன் நிற்கும் என்று சொல்லி அங்கே நிறுத்தினாய். ஆளுக்கு ஒன்று போடலாம் என்றாய். நான் கேட்கவில்லை. கொண்டுவந்ததை எதற்குச் சும்மா வைப்பது என்று ஐந்தையும் போட வைத்தேன். அரை மணி நேரம் நரம்புகளைப் பிரிப்பதிலேயே போனது. நீ ஒரு தடவைகூட நிம்மதியாக வீசவில்லை. அப்போது என் புதுத் தூண்டில் ஒன்று வளைந்தது. சாமு, அந்த நிமிடம் நான் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். "மாட்டிச்சிடா, மாட்டிச்சிடா" என்று கத்தினேன். "இழுக்காத நைனா, ஓட வுடு, ஓட வுடு" என்றாய். மீன் கயாக்குக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய், மற்ற நரம்புகளையெல்லாம் வாரிக்கொண்டது. நான் அதைப் பிரிக்கிறேன் என்று பாதி எழுந்தேன். என் முழங்கால் இரண்டு ராடுகளுக்கு நடுவில் சிக்கியது. "எழுந்துக்காத" என்று நீ சொன்னது கேட்டது. அதற்குள் கயாக் கவிழ்ந்துவிட்டது.

இதற்கு மேல் நடந்ததை உன் அம்மாவுக்கு யாரும் சொன்னதில்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தண்ணீருக்குள் போனதும் கொக்கி போடாத லைஃப் ஜாக்கெட் என் தலை வழியாகக் கழன்று போய்விட்டது. கிணற்றிலும் ஏரியிலும் நீந்தியவன்தான் நான். அங்கே பேன்ட் சட்டையோடு, உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, கை கால் எதுவும் என் பேச்சைக் கேட்கவில்லை. வடிகிற தண்ணீர் என்னைக் கயாக்கிலிருந்து பிரித்துக் கடல் பக்கமாக இழுத்தது. நீ என்னைப் பிடிக்கப் பாய்ந்தாய். பாதியில் நின்றுவிட்டாய். என் தூண்டிலில் இருந்த மூன்று முனை முள் உன் வலது கைக் கட்டைவிரல் அடியில் ஏறியிருந்தது. முள் நரம்போடு, நரம்பு ராடோடு, ராடு நான் கட்டிய கயிற்றால் கயாக்கோடு. இடது கையால் மார்பில் கத்தரியைத் தேடினாய். அது அங்கே இல்லை. முடிச்சை இழுத்துப் பார்த்தாய். நான் போட்ட முடிச்சு அவிழாது.

அப்போது நீ என்னைப் பார்த்தாய். நமக்குள் பத்து அடி இருந்திருக்கும், அது அதிகமாகிக்கொண்டே போனது. "நைனா, மல்லாந்து படு, கைய அடிக்காத, வந்துட்டேன்" என்று கத்தினாய். கவிழ்ந்து கிடந்த கயாக்கின் மேல் ஒரு காலை ஊன்றி, உன் வலது கையை நீயே பலமாக இழுத்தாய். ஒரு தடவையில் வரவில்லை. இரண்டாவது தடவையில் வந்தது. நீ போட்ட சத்தத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கையோடு நீந்தி வந்து என் காலரைப் பிடித்தாய். உன் லைஃப் ஜாக்கெட்டின் மேல் என் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டாய். என் கன்னத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் சிவப்பாக இருந்தது. "ஒண்ணுமில்ல நைனா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய்.

வலை எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஃபைபர் படகு நம்மை ஏற்றியது. அதிலிருந்த மீனவர் உன் கையைத் தன் லுங்கியைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். பிறகு கயாக்கை நிமிர்த்தி, தொங்கிய நரம்புகளையெல்லாம் அறுத்துப் போட்டார். "ரெண்டு பேரு, அஞ்சு கோலு. மீன் புடிக்க வந்தீங்களா, கட போட வந்தீங்களா பெரியவரே?" என்று என்னைத்தான் கேட்டார். அவருக்குக்கூட யார் செய்த வேலை என்று பார்த்ததும் தெரிந்திருக்கிறது. நான் குனிந்துகொண்டேன்.

பொன்னேரியில் முதலுதவி செய்து சென்னைக்கு அனுப்பினார்கள். கட்டைவிரலை மடக்குகிற தசைநாணும் உணர்வு நரம்பும் அறுந்துவிட்டன என்றார் டாக்டர். ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு உன்னைக் கொண்டுவந்தபோது அம்மா வந்திருந்தாள். சித்தியும் சித்தப்பாவும் பாஸ்டரும் சபைக்காரர்களும் நின்றார்கள். அம்மா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "இன்னாதான் ஆச்சு? உனக்கு வயசாவல? இவன்தான் கூப்ட்டான்னா நீ ஏன் போன? ஊட்ல இருந்த ராடு ஒண்ணுகூட இல்லியே, அத்தினியும் எதுக்கு எடுத்துக்கினு போனீங்க?"

பத்து முகங்கள் என்னைப் பார்த்தன. நான் சொன்னேன்: "நான் வேணாம்னுதான் சொன்னேன். இவன் எங்க கேட்டான்? எல்லாத்தையும் ஏத்திக்கினான். மீன் இழுத்து கைய அறுத்துச்சி."

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது அதுதான். மயக்கம் தெளிந்து நீ விழித்திருப்பது எனக்குத் தெரியாது. திரும்பினேன், நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் நான் அந்த நிமிடமே உடைந்திருப்பேன். நீ அம்மா பக்கம் திரும்பி, "ஆமாம்மா. என் தப்புதான்" என்றாய். அம்மா உன் மேல் பாய்ந்தாள். "உன் மீன் ஆசைக்கு உங்க நைனாவ சாவக்குடுக்கப் பாத்தியேடா. கோயிலுக்குப் போற நாள்ல போனா இப்படித்தான் ஆவும்" என்றாள். பாஸ்டர் ஜெபம் செய்தார். பேராசையிலிருந்து இளைஞர்களைக் காக்க வேண்டும் என்று ஜெபித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன்.

கைத்தேர்வு நடந்த அன்று உன் கையில் கட்டு இருந்தது. கட்டு பிரித்த பிறகும் விரல் பாதிதான் மடங்கியது. வெல்டிங் டார்ச்சை நடுங்காமல் பிடிக்க உன்னால் முடியவில்லை. சிங்கப்பூர் போயிற்று. நீ ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அம்மா கயாக்கை யாருக்கோ கொடுத்து அனுப்பிவிட்டாள். வீட்டில் அவள் உன்னோடு பேசுவது குறைந்தது. சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். நீ தூத்துக்குடியில் வெல்டிங் சோதிக்கும் வேலை கிடைத்ததும் ஒரு பையோடு கிளம்பினாய். இன்னொரு பையை நான் நீட்டவில்லை. அந்த அளவுக்காவது எனக்குப் புத்தி வந்திருந்தது. உன் கல்யாணத்தில் தாலிச் சங்கிலியின் கொக்கியை அழுத்த உன் கட்டைவிரலுக்கு வலுவில்லாமல் நீ தடுமாறினாய். எஸ்தர் தன் கையைப் பின்னால் கொண்டுபோய் தானே மாட்டிக்கொண்டாள். உன் சித்தி சத்தமாகவே சொன்னாள், "மீன் ஆசைல போன வெரலு" என்று. முன் வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன் சாமு. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னது பயத்தில் வந்த பொய். கல்யாணத்தில் சிரித்தது பயத்தில் இல்லை. அந்தப் பொய் எனக்குப் பழகிப்போயிருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஆலையில் என் முடிச்சு தப்பாது என்று பேர் எடுத்தவன், சொந்தப் பிள்ளையைத் தண்ணீரில் கட்டிப்போட்டேன் என்று யாரிடம் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், ரிட்டயர் ஆனதும் சொல்லலாம் என்று தள்ளினேன். தள்ளத் தள்ள அம்மாவுக்கும் உனக்கும் நடுவில் இருந்த பள்ளம் பெரிதாகிக்கொண்டே போனது. அவள் உன் மேல் கோபமாக இருக்கும்வரை என் மேல் யாருக்கும் கோபம் வராது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் உள்ளே இருந்தது.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உன்மேல் பழி போடுவதற்காக இல்லை. அப்பனுக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்து நீ என் தப்பைத் தலையில் வாங்கிக்கொண்டாய். இனி யாருக்காகவும் அப்படிச் செய்யாதே. எஸ்தருக்காகவும் செய்யாதே, நாளைக்கு உனக்குப் பிறக்கும் பிள்ளைக்காகவும் செய்யாதே. நீ அன்று "இல்லம்மா, நைனாதான் எடுத்தாரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு அவமானமாக இருந்திருக்கும். ஒரு மாதத்தில் அது போயிருக்கும். நீ சொன்ன "செரி நைனா, உன் இஷ்டம்" என்பதை நான் இரண்டு தடவை உன்னிடமிருந்து வாங்கியிருக்கிறேன். இரண்டு தடவையும் நீ இழந்தாய். மூன்றாவது தடவை யார் கேட்டாலும் கொடுக்காதே.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். இரண்டு பேர் போனால் இரண்டு ராடு. நீ தனியாகப் போனால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு, அவை பின்னால் ஓட்டையில் நிமிர்ந்து நிற்க வேண்டும், காலடியில் எதுவும் கிடக்கக் கூடாது. கத்தரி உன் உடம்போடு இருக்கட்டும், யார் கேட்டாலும் கழற்றிக் கொடுக்காதே. எஸ்தரை முன்னால் உட்கார வைத்தால் கிளம்புவதற்கு முன் அவளைத் திரும்பச் சொல்லி லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை உன் கண்ணால் பார். கயிறு கட்டினால் இழுத்ததும் அவிழ்கிற முடிச்சாகப் போடு. இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியவனா நீ? எல்லாமே அந்தச் சனிக்கிழமை நீ எனக்குச் சொன்னவை அல்லது சொல்ல வந்து நான் கேட்காதவை. ஒன்று உடைந்தால் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றாயே, அந்தப் பேச்சு எனக்கு அன்று கோழைத்தனமாகப் பட்டது. இப்போது ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைக்கிற பிள்ளையை வரவிடாமல் செய்தவன் நான்தான் என்று தெரிகிறது.

மேலே உள்ளதை நேற்று சாயங்காலம் எழுதி முடித்தேன். இன்று காலை நாஷ்டா முடிந்ததும் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றே படித்தாள். முதல் இரண்டு பக்கம் வேகமாகப் போயிற்று. அப்புறம் ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். எந்த இடம் என்று எனக்குத் தெரிந்தது. திரும்பவும் அதையே படித்தாள். அடிப்பாள், கத்துவாள் என்று நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மீன் இழுத்து அறுத்துச்சின்னுதானே சொன்ன?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன்.

"உன்னப் புடிக்கறதுக்கா அவனே பிச்சிக்கினான்?"

"ஆமா."

கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தாள். ஒழுங்காக மடித்தாள். "தபால்ல போடாத. குடு, நானே எடுத்துக்கினு போறேன்" என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட உன் வீட்டு வாசலை மிதிக்காதவள், பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுத் தூத்துக்குடிக்கு ரயில் டிக்கெட் போடச் சொன்னாள். நானும் சட்டையை மாட்டினேன். "நீ எங்க வர?" என்றாள். "நீ பண்ணத நான் அப்புறமா பேசறேன். மொதல்ல எம்புள்ளகிட்ட நான் மன்னிப்பு கேக்கணும். அதுக்கு நீ கூட வந்து நிக்கக் கூடாது." போகிற வழியில் உன் சித்தி வீட்டில் இறங்கி இதை அவளும் படித்த பிறகுதான் ரயில் ஏறுவாளாம். இந்தக் கடைசி வரிகளை எழுதிக் கொடுக்கச் சொல்லி, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

நீ இதைப் படிக்கும்போது அவள் உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள். அவள் முன்னால் நிற்கும்போதெல்லாம் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வாய், நான் கவனித்திருக்கிறேன். இன்றைக்கு அதை வெளியே எடுத்து அம்மாவிடம் கொடு சாமு. அவள் இன்னும் அந்தத் தழும்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
உன் நைனா